நீலப்புகையும் குறையும் ஆயிலும்: பழைய காரின் இன்ஜினைப் பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேட்கப்பட்டது இது: ஏறத்தாழ இருபது ஆண்டு ஓடிய பெட்ரோல் கார். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சைலன்சரிலிருந்து நீல நிறத்தில் புகை வந்து, சிறிது நேரத்தில் நின்றுவிடுகிறது. ஓடும்போது புகை அவ்வளவாகத் தெரிவதில்லை. ஆனால் ஒரு ஆயில் மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் பலமுறை டாப்-அப் செய்ய வேண்டியிருக்கிறது. ஒரு மெக்கானிக், "ரிங் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும்" என்கிறார். இன்னொருவர், "கெட்டியான ஆயில் ஊற்றினால் சரியாகிவிடும்" என்கிறார். இவற்றில் எதைக் கேட்பது?

இப்போதைக்கு இரண்டையும் கேட்க வேண்டாம். இருவருமே எதையும் அளந்து பார்த்துச் சொன்னதாகத் தெரியவில்லை. நீங்கள் எழுதியுள்ள அறிகுறிகளை மட்டும் வைத்துப் பார்த்தால், ரிங்கைவிட (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையங்கள்) வால்வு சீல்கள் மீதே சந்தேகம் வலுக்கிறது. அதற்கும் முன்னால், சில நிமிடங்களில் சோதித்துவிடக்கூடிய காற்றுப்போக்கி வால்வு ஒன்று இருக்கிறது. புகையின் நிறம், எரிவது எந்தத் திரவம் என்பதைச் சொல்லும்; புகை வரும் நேரம், அது எந்த வழியாக உள்ளே நுழைகிறது என்பதைச் சொல்லும். இவ்விரண்டையும் பொறுமையாகக் கவனித்துவிட்டால், இன்ஜினைப் பிரிக்கத்தான் வேண்டுமா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பிரிக்காமலேயே விடை கிடைத்துவிடும்.

முதலில் நிறம். நீங்கள் நீலம் என்று சொல்வது உண்மையிலேயே நீலம்தானா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். காலை வெளிச்சத்தில் நீராவியும் ஆயில் புகையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றக்கூடும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகிறது. குளிர்ந்திருக்கும் சைலன்சரில் அது படிந்து, ஸ்டார்ட் செய்தவுடன் வெண்மையாக வெளியேறுவது எந்தக் குறையும் இல்லாத இன்ஜினிலும் நடக்கும். நீராவி காற்றில் சில அடி தூரத்துக்குள் கரைந்து மறையும். ஆயில் புகை கரையாமல் தரையை ஒட்டியபடி மிதந்து நிற்கும், எரிந்த எண்ணெயின் காரமான வாடையும் இருக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால், இன்ஜின் சூடானபின் ஒருவரை லேசாக ரேஸ் கொடுக்கச் சொல்லிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளைச் சைலன்சர் வாய்க்குச் சற்றுத் தள்ளி அரை நிமிடம் பிடியுங்கள். தண்ணீர்த் துளிகள் காய்ந்துவிடும். ஆயில் பட்ட இடம் காயாமல், வெளிச்சத்தில் பிடித்தால் ஊடுருவித் தெரியும் பிசுக்குப் புள்ளியாக நிற்கும். கரி என்றால் விரலால் தேய்த்ததும் கறுப்பாகப் பரவும்.

இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் வெண்புகை நிற்கவில்லை, அதில் இனிப்பான வாடை இருக்கிறது, கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே போகிறது என்றால் அது வேறு கதை. ஹெட் கேஸ்கெட்டையோ (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைக்கும் தகடு), விரிசல் விட்ட சிலிண்டர் ஹெட்டையோ தேட வேண்டும். அந்த நிலையில் காரை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. கறுப்புப் புகைக்கும் ஆயிலுக்கும் தொடர்பில்லை. காற்றுக்குத் தேவையானதைவிட எரிபொருள் அதிகமாகச் செல்கிறது என்பதே அதன் பொருள். கார்புரேட்டர் வண்டியில் திறக்காமல் ஒட்டிக்கொண்ட சோக்கும் ஃபுளோட் மட்டமும், இன்ஜெக்‌ஷன் வண்டியில் கூலன்ட் வெப்பநிலை சென்சாரும் ஒழுகும் இன்ஜெக்டரும், எல்லா வண்டியிலும் அடைபட்ட ஏர் ஃபில்டரும் அதற்குக் காரணமாகலாம். எரிபொருள் அழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு இன்டேக்கிலிருந்து (இன்ஜினுக்குள் காற்று செல்லும் வழி) செல்லும் வாக்குவம் குழாயைக் கழற்றி முகர்ந்தால் பெட்ரோல் வாடை வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்திருக்கிறது.

இனி நீலப்புகைக்கு வருவோம். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினில் ஆயில் எரியும் அறைக்குள் செல்வதற்கு முக்கியமாக மூன்று வழிகள் இருக்கின்றன. கீழிருந்து பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி மேலேறலாம். மேலிருந்து வால்வுத் தண்டு வழியாக இறங்கலாம். கிராங்க்கேஸின் (கிராங்க் சுழலும் அடிப்பகுதி) காற்றுப்போக்கி வழியாக, இன்ஜின் சுவாசிக்கும் காற்றோடு கலந்து இன்டேக்குக்குள் போகலாம். ஒவ்வொரு வழிக்கும் ஒரு நேரம் உண்டு.

வால்வு சீல் என்பது வால்வுத் தண்டின் மேல் தொப்பிபோல் உட்காரும் சிறிய ரப்பர் உறுப்பு. ஆண்டுக்கணக்கில் சூட்டில் இருந்து அது பிளாஸ்டிக் போல இறுகிவிடும். இரவில் வண்டி நிற்கும்போது ஹெட்டில் தேங்கியிருக்கும் ஆயில், இறுகிப்போன சீலின் இடைவெளி வழியே சொட்டுச் சொட்டாக இறங்கி, வால்வின் முதுகிலும் பிஸ்டனின் தலையிலும் சேர்ந்திருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் அது எரிந்து ஒரு கொத்துப் புகையாக வெளியேறி, பிறகு நின்றுவிடும். நீங்கள் சொன்னது இதே வரிசைதான். சிக்னலில் நீண்ட நேரம் ஐடிலிங்கில் நின்றுவிட்டுக் கிளம்பும்போது பின்னால் ஒரு மேகம் எழுகிறதா என்பதையும் கவனியுங்கள். ஐடிலிங்கின்போது இன்டேக்கில் வளிமண்டலத்தைவிட 0.6 பார் அளவுக்குக் குறைந்த அழுத்தம் நிலவும். அந்த உறிஞ்சு விசைதான், வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழலான கைடு வழியாக ஆயிலை உள்ளே இழுக்கிறது.

ரிங் தேய்மானத்தின் புகை இதற்கு மாறானது. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடித்திருக்கும்போதும், நெடுஞ்சாலையில் வேகமெடுக்கும்போதும் புகை தொடர்ந்து வரும், இழுவை குறைந்திருக்கும், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை துடிதுடித்து வெளியேறும். கியரில் வைத்தபடியே ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு நீண்ட இறக்கத்தில் இறங்கி, கீழே வந்ததும் மறுபடி அழுத்தும்போது வரும் புகையை மட்டும் ஒரே காரணத்துக்கு ஒதுக்கிவிட முடியாது. பலர் அதை வால்வு சீலின் அடையாளம் என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் அப்போது உறிஞ்சு விசை உச்சத்தில் இருப்பதால், ஆயில் ரிங் ஒட்டிக்கொண்ட இன்ஜினிலும் கீழிருந்து ஆயில் மேலேறி அதே புகை வரும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து இதெல்லாம் கண்ணில் படாது. இன்னொரு வண்டியில் ஒருவரைப் பின்னால் வரச் சொல்லி, எப்போது புகை வருகிறது என்று பார்க்கச் செய்யுங்கள். இரவில், பின்வரும் வண்டியின் முகப்பு விளக்கு வெளிச்சத்தில் இது மிகத் தெளிவாகத் தெரியும்.

அடுத்து, எவ்வளவு ஆயில் குறைகிறது என்பதை அளக்க வேண்டும். "பலமுறை டாப்-அப்" என்பது அளவு ஆகாது. சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து ஐந்து பத்து நிமிடம் ஆயில் கீழே வடிய விட்டு, டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி செருகி எடுங்கள். குச்சியின் இரு பக்கமும் வெவ்வேறு மட்டம் காட்டினால் குறைவானதையே எடுத்துக்கொள்ளுங்கள். மேல் கோடு வரை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, 1,000 கி.மீ. ஓட்டியபின் அதே இடத்தில் நிறுத்தி, அளவுக்குவளையால் ஊற்றி மறுபடி மேல் கோட்டுக்குக் கொண்டுவந்தால் கணக்கு கையில் இருக்கும். இடையில் கீழ்க்கோட்டை நெருங்கிவிட்டால் காத்திருக்காமல் அளந்து ஊற்றி, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பல கார்களில் இரண்டு கோடுகளுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு லிட்டர் பிடிக்கும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு கையேட்டில் இருக்கும். 1,000 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் வரை ஏற்கத்தக்கது என்று சில தயாரிப்பாளர்களின் கையேடுகளே சொல்கின்றன. அது உத்தரவாதக் கோரிக்கைகளை மனத்தில் வைத்து எழுதிய எல்லை என்பது என் கருத்து. நல்ல நிலையில் இருக்கும் இன்ஜின் அவ்வளவு குடிக்காது. ஆனாலும் பழைய வண்டி கால் லிட்டர், அரை லிட்டர் குடித்தால் உடனே இன்ஜினைப் பிரிக்க ஓட வேண்டியதில்லை.

மேல் கோட்டைத் தாண்டி ஊற்றியிருக்கிறார்களா என்பதையும் இப்போதே பாருங்கள். அளவுக்கு மேல் ஆயில் இருந்தால் சுழலும் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும்; நுரை பேரிங்குகளுக்குச் சரியாக உயவு தராது, காற்றுப்போக்கி வழியாகவும் இன்டேக்குக்குள் ஏறி நீலப்புகையாக வரும். "குடிக்கிறதே" என்ற பயத்தில் கூடுதலாக ஊற்றி, அந்தக் கூடுதலே எரிந்து புகையாவதைப் பார்த்து மேலும் பயப்படுபவர்கள் உண்டு.

குறையும் ஆயில் எல்லாம் எரிந்துதான் குறைகிறது என்றும் சொல்ல முடியாது. வால்வு கவர் கேஸ்கெட், கிராங்க்கின் முன் சீல், பின் சீல், ஆயில் பிரஷர் ஸ்விட்ச், டிஸ்ட்ரிபியூட்டர் ஓ-ரிங், சம்ப் (ஆயில் தேங்கும் அடித்தொட்டி) போல்ட் வாஷர் ஆகிய எதுவும் கசியலாம். நிறுத்திய இடத்தில் தரை சுத்தமாக இருப்பதால் கசிவே இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். ஓடும்போது அழுத்தத்தில் கசிந்து, காற்றில் பின்னோக்கி அடித்துச் செல்லப்பட்டு, அடிப்பாகம் முழுவதும் படர்ந்திருக்கும். வால்வு கவரிலிருந்து எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல் சொட்டினால் புகை பானெட்டின் அடியிலிருந்து வரும், கருகல் வாடை வண்டிக்குள்ளும் வரும். இது சைலன்சர் புகை அல்ல. இன்ஜினின் வெளிப்புறத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, இரண்டு மூன்று நாள் ஓட்டியபின் டார்ச் வெளிச்சத்தில் மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வாருங்கள். ஈரத்தின் மிக உயரமான புள்ளி எதுவோ அங்கேதான் கசிவு தொடங்குகிறது. ஆயில் ஃபில்டரை அண்மையில் மாற்றியிருந்தால், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கில் ஒட்டிக்கொண்டு நிற்க அதன் மேலேயே புதியதை முறுக்கிவிட்டார்களா என்பதையும் பாருங்கள். இரட்டை வளையம் எப்போது வேண்டுமானாலும் பிதுங்கி, மொத்த ஆயிலையும் சில நிமிடங்களில் வெளியே கொட்டிவிடும்.

இப்போது நான் முதலில் சொன்ன காற்றுப்போக்கி வால்வு. பிசிவி வால்வு என்று கேட்டால் கடைகளில் தெரியும். எந்த இன்ஜினிலும் எரிந்த வாயுவில் கொஞ்சம் ரிங்குகளைத் தாண்டிக் கிராங்க்கேஸுக்குள் இறங்கும். அதை உறிஞ்சி மறுபடி இன்டேக்குக்குள் அனுப்புவதே இதன் வேலை. ஆயில் கசடு படிந்து இது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயிலை ரிங் வழியாக மேலேயும் சீல்கள் வழியாக வெளியேயும் தள்ளும். திறந்தபடி சிக்கிக்கொண்டால் ஆயில் ஆவியைத் தடையின்றி உறிஞ்சி இன்டேக்குக்குள் ஊற்றும். ஒரு சீலை மாற்றியபின் அடுத்த சீல் கசிவதும், அதையும் மாற்றியபின் மூன்றாவது கசிவதுமாக வண்டி பணிமனைக்கே குடிபோவதற்குப் பெரும்பாலும் இந்தச் சிறிய வால்வைப் பார்க்காமல் விட்டதே காரணமாக இருக்கும்.

சோதிப்பது எளிது. இன்ஜின் ஐடிலிங்கில் இருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வாயின் மேல் மெல்லிய தாள் ஒன்றை வையுங்கள். தாள் மெதுவாக உள்ளே இழுபட்டு ஒட்டி நின்றால் அமைப்பு வேலை செய்கிறது. தாள் எழும்பிப் பறந்தால் உள்ளே அழுத்தம் இருக்கிறது: ஒன்று வால்வோ குழாயோ அடைத்திருக்கிறது, அல்லது ரிங்குகளைத் தாண்டி வரும் வாயு வால்வின் கொள்ளளவை மீறிவிட்டது. மூடியையே கழற்ற முடியாத அளவுக்குப் பலமாக இழுத்து, விசில் சத்தமும் வந்தால் காற்றுப்போக்கி வால்வின் டயாஃப்ரம் கிழிந்திருக்கக்கூடும். பழைய வகை ஸ்பிரிங் வால்வைக் கழற்றிக் காதருகே குலுக்கினால் உள்ளே உலோகத் துண்டு "டக் டக்" என்று ஆடும் ஒலி கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். அதோடு இணைந்த ரப்பர் குழாய்களையும் கழற்றி உள்ளே பாருங்கள். வால்வை மட்டும் புதிதாகப் போட்டுக் குழாயைக் கசடோடு விட்டுவிட்டால் ஒரு பயனும் இல்லை.

இதற்குப் பிறகும் புகை நின்றபாடில்லை என்றால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர் வரிசைப்படி ஒரு துணியில் அடுக்குங்கள். ஒன்று மட்டும் கறுப்பாக, ஈரமாக, ஆயில் பூசியதுபோல் இருந்தால் கோளாறு அந்தச் சிலிண்டரில் இருக்கிறது. எல்லாம் ஒரே அளவில் ஈரமாக இருந்தால் பொதுவான தேய்மானம் அல்லது காற்றுப்போக்கி. பொடியாக உதிரும் உலர்ந்த கரி என்றால் எரிபொருள் மிகுதி. ஒன்று மட்டும் கழுவியதுபோல் வெளுத்திருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் கூலன்ட் போகிறதா என்று பார்க்க வேண்டும். ஆயில் பிளக்கின் நுனியில் இல்லாமல், மேல்பக்க பீங்கானிலும் பிளக் குழியிலும் மட்டும் தேங்கியிருந்தால் அது எரியும் ஆயிலே அல்ல. வால்வு கவருக்குள் இருக்கும் பிளக் குழாய் சீல் கசிகிறது.

சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் சோதனைக்கு இப்போதுதான் வேளை. இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். எல்லாப் பிளக்குகளையும் கழற்றியிருக்க வேண்டும். பெட்ரோலும் இக்னிஷனும் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். பேட்டரி நல்ல சார்ஜில் இருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்திப் பிடித்து ஸ்டார்ட்டரால் நாலைந்து சுற்று சுற்ற வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் கிடைக்கும் எண்ணுக்கு மதிப்பில்லை. பெட்ரோல் இன்ஜின்களில் பொதுவாக 10 முதல் 13 பார் வரை காட்டும். உங்கள் இன்ஜினுக்கான எண் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். மொத்த அளவைவிடச் சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாடு முக்கியம். மற்றவற்றைவிட ஒன்று 15 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயிலைப் பிளக் துளை வழியாக விட்டு மறுபடி அளந்தால், எண் நன்றாக ஏறினால் ரிங்கில் குறை, ஏறாவிட்டால் வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ குறை. டீசல் இன்ஜினில் இந்த ஈரச் சோதனையை நம்ப முடியாது. அங்கே எரியும் அறை மிகச் சிறியது என்பதால் ஊற்றிய ஆயிலே இடத்தை அடைத்து அழுத்தத்தைப் பொய்யாக ஏற்றிக் காட்டும்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் பணிமனைகளில் மிக அதிகமாகத் தவறான முடிவு எடுக்கப்படுவது இங்கேதான். கம்ப்ரெஷன் நன்றாக இருக்கிறது, ஆகவே ரிங் நன்றாக இருக்கிறது என்பது சரியான முடிவல்ல. பிஸ்டனில் வழக்கமாக மூன்று ரிங்குகள் இருக்கும். அழுத்தத்தைத் தாங்குவது மேலிருக்கும் இரண்டு. மூன்றாவது ஆயில் ரிங்; சிலிண்டர் சுவரில் தெறிக்கும் ஆயிலை வழித்து, தன் பின்னால் பிஸ்டனில் இருக்கும் சிறு துளைகள் வழியாகக் கீழே திருப்பி அனுப்புவது அதன் வேலை. ஆயிலை நேரத்துக்கு மாற்றாத இன்ஜினிலும், குறைந்த தூரமே ஓடி ஒருபோதும் முழுச் சூட்டை எட்டாத இன்ஜினிலும் அந்தத் துளைகள் கரியால் அடைபட்டு, ரிங்கே தன் பள்ளத்தில் அசையாமல் ஒட்டிக்கொள்ளும். அப்போது மேல் ரிங்குகள் அழுத்தத்தைக் குறையின்றிக் காட்டும், இழுவை நன்றாக இருக்கும், ஆயில் மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். எனவே கம்ப்ரெஷன் குறைவு என்பது ரிங் குறைக்கோ வால்வுக் குறைக்கோ சான்று ஆகலாம். கம்ப்ரெஷன் சரியாக இருப்பது ரிங்குகளுக்கு நற்சான்று ஆகாது.

இன்னும் தெளிவு வேண்டுமென்றால் லீக்-டவுன் சோதனை செய்யச் சொல்லுங்கள். பிஸ்டனைக் கம்ப்ரெஷன் வீச்சின் உச்சியில் நிறுத்திச் சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுப்பார்கள். காற்று ஆயில் மூடி வழியாகச் சீறினால் ரிங். ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு. சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்.

வால்வு சீல்தான் என்று முடிவானால், பல இன்ஜின்களில் ஹெட்டைக் கழற்றாமலேயே அதை மாற்றிவிடலாம். வால்வு ஸ்பிரிங்கை எடுக்கும்போது வால்வு சிலிண்டருக்குள் விழாமல் தாங்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துப் பிடிப்பது ஒரு முறை. கம்ப்ரஸர் இல்லாதவர்கள் கையாளும் பழைய முறை இன்னும் அழகானது: பிஸ்டனைச் சற்றுக் கீழே இறக்கி, மெல்லிய நைலான் கயிற்றைப் பிளக் துளை வழியாக உள்ளே திணித்து, நுனியை வெளியே விட்டுவிட்டு, கிராங்க்கைக் கையால் மெதுவாகத் திருப்பிப் பிஸ்டனை மேலேற்றினால், சுருண்ட கயிறு வால்வுகளை அடியிலிருந்து தாங்கிப் பிடித்துக்கொள்ளும். ஸ்பிரிங்கை எடுத்தபின் வால்வுத் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நன்றாக ஆடினால் கைடும் தேய்ந்திருக்கிறது. அங்கே போடும் புதுச் சீல் நீண்ட நாள் நிற்காது.

ரிங் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், பிரிப்பதற்கு முன் ஒருமுறை ஊறவைத்துப் பார்ப்பது தவறில்லை. பிளக்குகளைக் கழற்றி, பிஸ்டன்களை நடு உயரத்துக்குக் கொண்டுவந்து, ரிங் கரியைக் கரைப்பதற்கென்று விற்கும் திரவத்தைச் சிறிதளவு ஒவ்வொரு சிலிண்டரிலும் விட்டு, இரவு முழுவதும் வைத்திருக்க வேண்டும். மறுநாள் பிளக் மாட்டுவதற்கு முன், துளைகளைத் துணியால் மூடி ஸ்டார்ட்டரால் சுற்றி மிச்சத்தை வெளியேற்றியே ஆக வேண்டும். சிலிண்டருக்குள் திரவம் நிற்கும்போது பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்தால், திரவம் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும். சில இன்ஜின்களில் ஆயில் செலவு கண்கூடாகக் குறையும், சிலவற்றில் எதுவும் மாறாது. ஆனால் வால்வு கவரைத் திறந்தால் உள்ளே கெட்டிக் கசடு அப்பியிருக்கும் இன்ஜினில், ஆயிலோடு கலந்து ஓடவிடும் ஃபிளஷ் திரவங்களைத் தொடாதீர்கள். பெயர்ந்த கசடு சம்ப்பில் இருக்கும் உறிஞ்சு வலையை அடைத்து, புகை விடும் இன்ஜினை ஆயில் பிரஷரே இல்லாத இன்ஜினாக மாற்றிவிடும். அத்தகைய இன்ஜினுக்கு நல்ல ஆயிலை ஊற்றி, மாற்றும் இடைவெளியைப் பாதியாக்கி, மெதுவாகக் கழுவ விடுவதே பாதுகாப்பானது.

கெட்டி ஆயில் யோசனை முழுப் பொய்யல்ல, முழு மருந்தும் அல்ல. 10டபிள்யூ-30 என்பதில் பின்னால் வரும் எண்தான் சூடான நிலையின் தடிப்பைக் குறிக்கிறது. எஸ்.ஏ.இ. (வாகனப் பொறியாளர் சங்கம்) தரப்படி 100 டிகிரி செல்சியஸில் 30 எண் ஆயிலின் பாகுத்தன்மை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரையிலும், 40 எண்ணுக்கு 12.5 முதல் 16.3 வரையிலும், 50 எண்ணுக்கு 16.3 முதல் 21.9 வரையிலும் இருக்க வேண்டும். ஆகவே 30-லிருந்து 40-க்குப் போவது அளவான மாற்றம். கையேடு அனுமதித்தால் தேய்ந்த இன்ஜினில் அதைச் செய்யலாம், கொஞ்சம் ஆயில் மிச்சமாகும். ஒரேயடியாக 20டபிள்யூ-50-க்குத் தாவினால், குளிர்ந்த ஸ்டார்ட்டில் ஆயில் மேலே போய்ச் சேரத் தாமதமாகும். மாறும் வால்வு டைமிங் உள்ள இன்ஜின்களில் அந்த அமைப்பு சரியாக வேலை செய்யாமலும் போகலாம். எந்தத் தடிப்பும் இறுகிப்போன ரப்பரை இளக்காது. "புகை நிறுத்தி" என்று விற்கும் பாட்டில்களில் பெரும்பாலும் ஆயிலைத் தடிப்பாக்கும் பாலிமர்தான் இருக்கிறது. விற்கப்போகும் வண்டியில் அதை ஊற்றுபவர்கள் இருப்பதால், பழைய வண்டி வாங்குபவர்கள் குளிர்ந்த இன்ஜினைத் தாங்களே ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும் என்று இடையில் சொல்லிவைக்கிறேன். அதிக கிலோமீட்டர் ஓடிய வண்டிகளுக்கென வரும் ஆயில்களில் ரப்பரைச் சற்று ஊதவைக்கும் பொருள் இருக்கும். சிறு கசிவுக்கு அவை உதவக்கூடும்.

புகையைவிட அவசரமான அறிகுறிகள் இரண்டு. ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால் அடுத்த ஊர் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். அந்த ஸ்விட்ச் பெரும்பாலும் அழுத்தம் வெறும் 0.3 முதல் 0.5 பார் அளவுக்கு இறங்கிய பிறகே விளக்கை எரிய விடும்; விளக்கு எரியும்போது பேரிங்குகளில் ஆயில் படலம் ஏறக்குறைய இல்லை என்று பொருள். உடனே அணைத்து ஆயில் மட்டத்தைப் பாருங்கள். மட்டம் சரியாக இருந்தால் ஸ்விட்சைக் கழற்றி அந்த இடத்தில் மெக்கானிக்கல் கேஜ் பொருத்தி அளக்க வேண்டும். ஸ்விட்ச் மட்டும் கெட்டிருக்கவும் வாய்ப்புண்டு, ஆனால் அளக்காமல் அப்படி முடிவு செய்யக் கூடாது. இரண்டாவது, டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறுவது. ஊற்றாமல் ஆயில் மட்டம் தானாக உயராது. உயர்ந்தால் பெட்ரோலோ கூலன்டோ கலக்கிறது. குச்சியை முகர்ந்தால் பெட்ரோல் வாடை வரும், அல்லது ஆயில் மோர் கலந்ததுபோல் வெளிறியிருக்கும். மூடியின் அடியில் மட்டும் வெளிறிய பசை படிந்து, குச்சியில் ஆயில் தெளிவாகவும் கூலன்ட் குறையாமலும் இருந்தால், அது குறைந்த தூர ஓட்டத்தில் படியும் ஈரம்தான். ஒரு நீண்ட ஓட்டத்தில் போய்விடும்.

டர்போ டீசல் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒன்று. டர்போ சீல் கசிந்து ஆயில் இன்டேக்குக்குள் போகத் தொடங்கினால், இன்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாகக் கொண்டு தானாக ரேஸ் ஏறலாம். சாவியை அணைத்தாலும் நிற்காது. மேனுவல் கியர் வண்டியில் பிரேக்கை முழுவதும் மிதித்து, உச்ச கியரில் போட்டுக் கிளட்சை விட்டுத் திணறடித்து நிறுத்த வேண்டும். இன்டேக் வாயைக் கையால் மூட முயல வேண்டாம். இன்டர்கூலர் குழாயைக் கழற்றினால் ஆயில் குளமாக வழிகிறது என்றால், அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டாமல் டர்போவைப் பாருங்கள்.

உங்கள் வண்டிக்குத் திரும்புகிறேன். பிசிவி வால்வையும் குழாய்களையும் இந்த வாரமே பாருங்கள். பிறகு 1,000 கி.மீ. கணக்கை எடுத்துக்கொண்டு, கம்ப்ரெஷன் எண்களை எழுத்தில் வாங்குங்கள். எண்கள் நன்றாக இருந்து, புகையும் ஸ்டார்ட்டில் மட்டும் வந்தால் வால்வு சீல் மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். செலவு செய்ய இப்போது வசதியில்லை என்றால், வாரம் ஒருமுறை மட்டம் பார்த்து ஊற்றிக்கொண்டு ஓட்டினாலும் இன்ஜின் கெட்டுவிடாது. ஆனால் எரிந்த ஆயிலில் இருக்கும் பாஸ்பரஸ் கேடலிடிக் கன்வெர்ட்டரையும் (புகையின் நச்சைக் குறைக்கும் கருவி) ஆக்சிஜன் சென்சாரையும் மெதுவாகக் கெடுக்கும், பிளக்குகளும் சீக்கிரம் அழுக்கேறும்.

எண்கள் குறைந்து, ஈரச் சோதனையில் ஏறி, ஏற்றத்திலும் புகை வந்தால் முதல் மெக்கானிக் சொன்னதே சரி, இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான். அப்படியானாலும் புது ரிங்கை மட்டும் மாட்டித் தரச் சொல்லாதீர்கள். சிலிண்டரின் மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் போரை (சிலிண்டரின் உள்விட்டம்) அளந்து, கூம்பாகவோ நீள்வட்டமாகவோ தேய்ந்திருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். அளவுக்குள் இருந்தாலும், கண்ணாடிபோல் பளபளக்கும் சுவரை ஹோனிங் (சாணைக்கல்லால் தேய்த்தல்) செய்து குறுக்கு நெடுக்கான கீறல் வரிகள் விழச் செய்யாவிட்டால் புது ரிங் சுவரோடு படியாது. பூட்டியபின் நீண்ட நேரம் ஐடிலிங்கில் விடாமல், மிதமான சுமையில் வேகத்தை ஏற்றியும் இறக்கியும் ஓட்டி, முதல் ஆயிலை 1,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுங்கள். அதுவரை லேசான நீலப்புகை வருவது ரிங் படிந்துகொண்டிருப்பதால்தான். சில ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியும் ஆயில் செலவு பழையபடியே இருந்தால், போர் அளவெடுத்த தாளோடு அதே பணிமனைக்குத் திரும்பிப் போங்கள்.